குடை ஒட்டிய கட்டில்

நகர ஆவணக் காப்பகத்தில்
இரண்டு யூரோ கட்டினால் நகல் தருகிறார்கள்.
ஐம்பத்தெட்டு வயதில் என்னை நானே
கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன்.

பிளாவன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று.
வாரக் காப்பகம் எண் நான்கு.
(அதுவும் காப்பகம், இதுவும் காப்பகம்.)
பெயர்: அன்னெக்ரெட் சைஃபர்ட். வயது: பதினோரு வாரம்.
சேர்ப்பது திங்கள் விடிகாலை,
எடுத்துச் செல்வது சனி மதியம்.
எடை 4,850 கிராம்.
கட்டில் அடையாளம்: குடை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் ஊர் அது.
அதனால் கட்டிலுக்கு ஒரு படம்,
துண்டுக்கும் அதே படம், பால்புட்டிக்கும்.
எனக்கு வலப்பக்கம் செர்ரிப் பழம்,
இடப்பக்கம் முள்ளெலி.
முள்ளெலியின் பெயர் கடைசிவரை தெரியாது.
என் வாழ்நாளில் அதிக இரவுகள்
பக்கத்தில் படுத்தவன் அவனாகத்தான் இருக்கும்,
வோல்க்மாருக்கு அடுத்தபடி.

நீல மையில் சீரான கையெழுத்து:
முதல் வாரம், அழுகிறாள்.
இரண்டாம் வாரம், அழுகிறாள், இரவிலும்.
மூன்றாம் வாரம், பால் கக்குகிறாள், எடை இறங்கியது.
ஐந்தாம் வாரம், அழுகை இல்லை.
நன்கு பழகிவிட்டாள்.
கடைசி வரிக்கு அடிக்கோடு,
ஸ்கேல் வைத்துப் போட்டது.

பழகுவது என்றால்
யாரோ ஒருவரோடு பழகுவது என்றுதான் நினைத்திருந்தேன்.
நான் யாரோடும் பழகாமலே பழகியிருக்கிறேன்.
பகலுக்கு மூன்று தாதிகள், இரவுக்கு ஒருத்தி,
பதினெட்டுக் கட்டில்கள்.
எந்தக் கை என்னைத் தூக்கியதென்று
கைகளுக்கே தெரிந்திருக்காது.

அம்மாவைக் குறை சொல்ல உட்காரவில்லை.
ஜன்னல் திரை நெய்யும் ஆலையில்
காலைச் சங்கு ஆறு மணிக்கு.
அப்பா ராணுவத்தில். அவளுக்கு இருபத்திரண்டு.
அவளை அடக்கம் செய்துவிட்டுக் காப்பி குடிக்கையில்தான்
கூட வேலை செய்த இர்ம்ட்ராவுட் சொன்னாள்:
செவ்வாய், புதன் எல்லாம்
சட்டை நனைந்துபோகும்;
கழுவுதொட்டியில் பீய்ச்சிவிட்டு,
குழாயைத் திறந்துவிட்டு,
தறிக்குத் திரும்புவாளாம்.

அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று,
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு, முகம் பார்க்காமல்:
"சனிக்கிழமை நீ என் கோட்டுப் பொத்தானைத்தான் பார்ப்பாய்.
ஞாயிறு சாயங்காலம் சிரிப்பாய்.
அதற்குள் நான்
உன் பையை அடுக்க ஆரம்பித்திருப்பேன்."

திங்கள் தேய்ந்து தேய்ந்து சனியாகும்,
சனி வளர்ந்து முடியுமுன் மறுபடி திங்கள்.
அந்த நிலாக் கணக்கு இன்னும் ஓடுகிறது.
விருந்துகளில் முதலில் கிளம்புகிறவள் நான்.
ரயில் நிலையத்தில் கையசைக்க நின்றதில்லை.
தூக்கத்தில் தலையை இடவலமாக ஆட்டுகிறேனாம்;
"யாரிடம் இல்லை இல்லை என்கிறாய்?" என்று
வோல்க்மார் கேட்டிருக்கிறான்.
பின்னந்தலையில் முடியற்ற வட்டம் என்று
அட்டையிலும் எழுதியிருக்கிறது.

ஃபால்க் பிறந்தபோது பசித்து வீறிட்டான்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
நாலு மணிக்கொரு தரம்தான் பால் என்று
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
உடம்புக்குத் தெரிந்திருந்தது.
இருபது நிமிடம் தொட்டிலருகே நின்றேன்,
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.
பிறகு தூக்கினேன்.
அந்த இருபது நிமிடம் அவனுக்குள் எங்கே இருக்கிறதோ.
அவனிடம் கேட்டதில்லை.

டிராமில் திரும்புகிறேன், நகல் மடியில்.
எதிர் இருக்கையில் ஒரு குழந்தை
தன் அம்மாவைப் பார்க்கிறது,
கம்பியைப் பார்க்கிறது, மறுபடி அம்மா.
என் கைப்பை, மறுபடி அம்மா.
ஜன்னலில் வழியும் மழை,
மறுபடி.
ஒவ்வொரு தடவையும் அவள் அங்கேயே இருக்கிறாள்,
கைபேசியில் எதையோ படித்துக்கொண்டு,
அப்படியொன்றும் பெரிதாகச் செய்யாமல்.

நான் இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது.